நான்காம் வண்டியின் நிமிடங்கள்

பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு டயாலிசிஸ் மையத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே முடிவு பண்ணிட்டோம் மேடம். ஒண்ணாம் தேதியிலிருந்து மூணு வண்டிதான். நாலாவது வண்டி டிரைவரோட ஒப்பந்தம் முப்பதாம் தேதி முடியுது. பத்து நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். வெள்ளிக்கிழமை மதியம் கடிதத்தைக் கையில கொடுத்திடுவோம். அதுக்குள்ள உங்க அறிக்கை வந்துட்டா எனக்கும் கோப்புல வைக்க வசதி.”

“வியாழக்கிழமையே அனுப்பிடறேன் சார்,” என்றாள் அவள்.

தொலைபேசியை வைத்ததும் இரண்டு அறைக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள். உள்ளறையில் இருந்த முதலாளி கைதட்டினார். நான்கு வண்டி ஓடிய இடத்தில் மூன்று போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது அவருடைய நிறுவனம். இன்னும் இரண்டு மையங்கள் இந்த வேலை எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் எனக் காத்திருந்தன. ஆறு வாரம் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டவள் அவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தசமம்.

அந்தப் பெயர் முந்தைய வேலையிலிருந்து கூடவே வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து, தட்டச்சு பழகி, இருபத்திரண்டு வயதில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். வருகிற படிவங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. நாளொன்றுக்குச் சராசரி 140 படிவம். இந்தக் கட்டு எப்போது முடியும் என்று கேட்டால் மற்றவர்கள் நாளைக்கு, நாளன்றைக்கு என்பார்கள். இவள், “ரெண்டு புள்ளி மூணு நாள்” என்பாள். சொன்னபடி மூன்றாம் நாள் பத்தரை மணிக்குள் கட்டு முடிந்துவிடும். ஒரு மாதத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஏழெட்டு ஆண்டுகள் போனபின் அவளுக்கு இன்னொரு பழக்கம் வந்தது. ஒரு படிவத்தைப் பார்த்ததும் இது குறை சொல்லித் திரும்பி வரும், வராது என்று சொல்லிவிடுவாள். பக்கத்து மேசைக்காரிகள் தேநீர் பந்தயம் கட்டித் தோற்றார்கள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. மாலை வகுப்பு ஒன்றில் இயந்திரக் கற்றல் என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள், பழைய பதிவுகளைக் கொடுத்தால் கணினி அவற்றில் உள்ள பழக்கத்தைக் கற்றுக்கொண்டு அடுத்து என்ன வரும் என்று சொல்லுமாம் எனக் கேள்விப்பட்டு முப்பத்து மூன்றாம் வயதில் சேர்ந்தாள். பதினான்கு மாதம் படித்தாள். கடைசிப் பயிற்சிக்கு அந்தப் படிவங்களையே எடுத்துக்கொண்டாள். நூறு படிவத்தில் அவள் கண் 79-ஐச் சரியாகச் சொன்னது. கணினி 83. சந்தோஷப்படுவதா, கோபித்துக்கொள்வதா என்று அவளுக்கு இரண்டு நாள் விளங்கவில்லை.

அவளுடைய பிரிவு அதிகாரி வேலையை விட்டுத் தனியாக நிறுவனம் தொடங்கியபோது முதலில் கூப்பிட்டது அவளைத்தான். டயர் கடைக்கு மேல் இரண்டு அறை. கீழே காற்று அடிக்கும் இயந்திரம் ஓடினால் மேசைமேல் வைத்த பென்சில் உருளும். ஆட்கள் மூன்று பேர். முதலாளி வாடிக்கையாளர்களைப் பார்ப்பார். இவள் கணக்குப் பார்ப்பாள். மூன்றாமவன் வருகிற பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பான், அதாவது ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பதை ஒன்றாக்குவான், முப்பத்தோராம் தேதி இல்லாத மாதத்தில் முப்பத்தொன்று என்று இருந்தால் விசாரிப்பான். அவனுக்குப் பெயர் விளக்குமாறு.

எட்டு ஆண்டில் அறுபத்தொரு வேலை முடித்திருந்தார்கள். ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒரு பேக்கரி எத்தனை ரொட்டி சுட்டால் மிஞ்சாது, ஒரு நீச்சல் குளத்தில் எந்த மணிக்கு மருந்து கலக்கவேண்டும், ஒரு நூலகத்தில் எந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பிரதி வாங்கவேண்டும். எல்லாம் முதல் தடவையே சரியாக வந்ததில்லை. முட்டைப் பண்ணை வேலையில், விரிசல் விட்ட முட்டையைப் படத்தில் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. பண்ணையில் கொண்டுபோய் வைத்ததும் காலையில் வந்த முட்டை எல்லாம் நல்லது, மாலையில் வந்ததெல்லாம் விரிசல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. விசாரித்தால், முட்டை பிரிக்கிற அம்மா விரிசலை எல்லாம் ஒதுக்கிவைத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படம் எடுத்திருக்கிறார். கணினி முட்டையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வெயிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு மாதம் அந்தப் பண்ணைப் பக்கமே தலைகாட்டவில்லை.

டயாலிசிஸ் மையத்து வேலை இது. ஒன்பது நாற்காலி. காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு என மூன்று அமர்வு, வாரத்தில் ஆறு நாள். நோயாளிகள் ஐம்பத்திரண்டு பேர், ஒவ்வொருவரும் வாரம் மூன்று தடவை. தாங்களாக வர முடியாதவர்கள் என்பதால் வீட்டுக்குப் போய் ஏற்றிவந்து, முடிந்ததும் கொண்டுவிட நான்கு வண்டி. எந்த வண்டி எந்த வீட்டுக்கு எந்த வரிசையில் போனால் மிகக் குறைந்த ஓட்டத்தில் முடியும் என்பதுதான் கேள்வி. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது வரைபடத்திலிருந்து கிடைத்துவிடும். ஒரு வீட்டு வாசலில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்பது வரைபடத்தில் இராது. அதைப் பழைய பதிவிலிருந்து கற்கவேண்டும்.

பதிவு இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைப்பேசி. வாசலில் நின்றதும் டிரைவர் ‘வந்தாச்சு’ என்ற பொத்தானை அமுக்கவேண்டும். ஆளை உட்காரவைத்ததும் ‘ஏத்தியாச்சு’. முப்பது வாரத்துக்கு 4,680 பதிவு. முதல் மூன்று வண்டிகளுக்குச் சராசரி 3.4 நிமிடம். நான்காம் வண்டிக்கு 10.8.

ஆரம்பத்திலேயே அவள் மேலாளரிடம் இதைக் கேட்டிருந்தாள்.

“நாலாவது வண்டியா?” என்று சிரித்தார் அவர். “அவர் ஆமை மேடம். நல்ல மனுஷர்தான். ஆனா எல்லார் வீட்டுலயும் நின்னு குசலம் விசாரிக்கணும் அவருக்கு. கைப்பேசியும் பழசு.”

மற்ற மூன்றும் ஒன்றுபோல் இருக்க, ஒன்று மட்டும் மூன்று மடங்கு விலகி நின்றால் அதை ஒதுக்கிவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். நான்காம் வண்டியின் 1,131 வரியையும் நீக்கச் சொன்னாள். ‘காரணம்’ என்று ஒரு பத்தியும் இருந்தது. நாலில் மூன்று பங்குக்குமேல் வெறுமையாக இருக்கிற பத்தியைத் தூக்கிவிடுவது அவளே வைத்த விதி. அந்தப் பத்தி 79.4 சதவீதம் வெறுமை. அதுவும் போயிற்று. மிச்சமிருந்த 3,549 வரியில் கற்றுக்கொண்ட மாடல் அரை நிமிடப் பிசகில் சரியாகச் சொன்னது. அதை வைத்துத் தேடியதில் மூன்று வண்டி போதும் என்று வந்தது. கிடைத்த விடை அழகாக இருந்ததால் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். புரிவதற்காக ஒரு சவாரியைப் படமாகப் போடலாம் என்று தோன்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். இரண்டாம் வண்டி, ஒன்பதாம் தேதி, காலை. முதல் வீட்டில் ‘ஏத்தியாச்சு’ 5.12. அடுத்த வீட்டில் ‘வந்தாச்சு’ 5.28. நடுவில் இரண்டு புள்ளி ஒரு கிலோமீட்டர். வரைபடம் ஐந்து நிமிடம் என்றது. பதினாறு நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் காற்றைத் தவிர எதுவும் குறுக்கே வராது.

டீ குடிக்க நின்றிருப்பார் என்று நினைத்தாள். வேறொரு நாளை எடுத்தாள். பதினான்கு நிமிடம். இன்னொரு நாள், பதினேழு நிமிடம். முதல் வண்டியிலும் மூன்றாம் வண்டியிலும் இதே கதை. தினமும் காலை ஐந்தேகாலுக்கு மூன்று பேரும் டீ குடிப்பார்களா?

“நாலாம் வண்டி வரியெல்லாம் இருக்கா, அழிச்சுட்டியா?” என்று விளக்குமாற்றிடம் கேட்டாள்.

“நீங்கதானே அக்கா குப்பைன்னீங்க.”

“சொன்னேன். இருக்கா?”

“குப்பையை நான் என்னைக்கு வெளியே போட்டிருக்கேன்? ‘குப்பை’ன்னே ஒரு கோப்பு இருக்கு. எட்டு வருஷத்துக் குப்பையும் அதுல இருக்கு.”

கொண்டுவந்து திறந்தான். நான்காம் வண்டிக்கு வீட்டிலிருந்து வீடு போன நேரத்தைப் பார்த்தாள். வரைபடம் ஐந்து என்ற இடத்தில் ஐந்து. ஏழு என்ற இடத்தில் ஏழு. முப்பது வாரமும் அப்படியே. பழைய கைப்பேசி, பேச்சு பேசுகிற கிழவர் என்று ஒதுக்கிய வண்டியின் பதிவு மட்டும்தான் சாலையோடு ஒத்துப்போனது.

பிறகு அந்தக் ‘காரணம்’ பத்தியையும் கொண்டுவரச் சொன்னாள். 962 இடத்தில் எழுத்து இருந்தது. எல்லாம் நான்காம் வண்டி.

விளக்குமாறு உரக்கப் படித்தான். “நாலாம் மாடி, லிப்ட் இல்லை. … செருப்பு ஒன்று காணோம். … இன்றைக்கு வரமாட்டேன் என்றார், பிறகு வந்தார். … மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டைப் பூட்டவேண்டும். … நாலாம் மாடி. … நாய். … மாத்திரை எடுக்கத் திரும்பி ஏறினோம். … நாய், அதே நாய்.” நிறுத்தினான். “அக்கா, இவர் எங்கேயும் குசலம் விசாரிக்கலையே.”

அவள் மேலாளருக்கு அனுப்ப இருந்த அறிக்கையைத் அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் கணவர் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். அளந்து பேசுவார்.

“அந்த மூணு பேரும் ஏன் நேரம் தள்ளி அமுக்குறாங்க?”

“அதான் தெரியல. நாளைக்குக் காலையில வண்டியில ஏறிப் பாக்கப்போறேன்.”

“ஏறாம எப்படி ஆறு வாரம் கணக்குப் போட்டே?”

“பதிவு இருந்துச்சே.”

“எங்க ஆபீஸ்லயும் பதிவு இருக்கும், லிப்ட் நல்லா ஓடுதுன்னு. போய்ப் பாத்தா உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருப்பான்.”

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்போ உன் கணக்கு தப்பா அம்மா?”

“தப்பு.”

“எவ்வளவு தப்பு?”

“ஒரு வீட்டுக்கு ஏழு புள்ளி நாலு நிமிஷம்.”

“தப்பு பண்ணினாலும் புள்ளி வெச்சுத்தான் பண்ணுவியா?”

வியாழக்கிழமை அதிகாலை நாலு ஐம்பதுக்கு இரண்டாம் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். சுறுசுறுப்பானவர். 4.58-க்கு முதல் வாசலில் நிறுத்தி, ஒலிப்பான் அடித்து, இறங்கிப்போய் மணி அடித்துவிட்டு வந்தார். கைப்பேசி முன்னால் மாட்டியிருந்தது. அதைத் தொடவில்லை. ஒன்பது நிமிடம் கழித்து ஒரு பெண்மணி சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். அப்போது ‘வந்தாச்சு’வை அமுக்கிவிட்டு ஓடிப்போய்க் கைகொடுத்தார். உட்காரவைத்ததும் ‘ஏத்தியாச்சு’.

“வந்தவுடனே அமுக்கவேண்டாமா தம்பி?”

“அமுக்கினா அது காரணம் கேக்கும் மேடம்.”

“எது?”

“இதுதான்.” கைப்பேசியைக் காட்டினார். “அஞ்சு நிமிஷம் தாண்டினா ஒரு கட்டம் வந்து நிக்கும், ஏன் லேட்டுன்னு. எழுதினாத்தான் அடுத்த வீட்டுக்கு வழி காட்டும். ஒரு சுத்துல ரெண்டு மூணு தடவை. நான் வண்டி ஓட்டவா, கட்டுரை எழுதவா? ஆள் கண்ணுல பட்டப்புறம் அமுக்கினா கட்டமே வராது. எல்லாரும் அப்படித்தான் பண்றோம்.”

“எல்லாருமா?”

“ஆமை மட்டும் எழுதுவாரு. எழுத்துன்னா அவருக்குப் பிரியம்.”

அவருக்கு இதில் ஒளிக்க எதுவும் இல்லை. நாலு மாதம் முன்பு மேலாளரிடமே கட்டத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டதாகவும், பார்க்கலாம் என்றதாகவும் சொன்னார்.

மதியம் இரண்டு நாற்பதுக்கு நான்காம் வண்டி. டிரைவருக்கு ஐம்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. பாதை சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். சரி என்று கதவைத் திறந்துவிட்டார். வண்டியை அவர் மெதுவாக ஓட்டவில்லை. மூன்று மணிக்கு ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, இறங்குவதற்கு முன்பே பொத்தானை அமுக்கினார்.

“எப்பவும் வந்தவுடனே அமுக்கிடுவீங்களா அண்ணே?”

“‘வந்தாச்சு’ன்னு போட்டிருக்கு. வந்தாச்சு. அமுக்கினேன்.” கேள்வி அவருக்குப் புரியவில்லை.

அவளும் கூடவே படி ஏறினாள். நாலாம் மாடிக்காரர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடுத்தித் தயாராகக் கதவருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாமதத்துக்கு அவர் காரணமில்லை, படிகள்தான். மொத்தம் அறுபத்தெட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றார். டிரைவர் ஒரு படி கீழே, முகத்தை மேலே திருப்பியபடி பின்னோக்கி இறங்கினார்.

“சும்மாதானே வரீங்க, இந்தப் பையைப் பிடிங்கம்மா,” என்றார் அவளிடம். போர்வையும் தண்ணீர்ப் புட்டியும் இருந்த பை. வாங்கிக்கொண்டாள்.

“இவர் அவசரப்படுத்தமாட்டார்,” என்றார் நாலாம் மாடிக்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில். “முன்னே வந்தவன் ரெண்டு ரெண்டு படியா இறக்குவான். நான் என்ன மூட்டையா?”

“மூட்டைன்னா தோள்ல போட்டு ஒரே நிமிஷத்துல இறக்கியிருப்பேன்,” என்றார் டிரைவர். “பேசாம மூச்சு விடுங்க.”

வண்டியில் உட்காரவைத்தபோது 3.12. கட்டம் வந்து நின்றது. ‘நாலாம் மாடி’ என்று ஒரு விரலால் தட்டினார். அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், முப்பதாம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது, சென்ற தடவை இருபதாம் தேதியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், இந்தத் தடவையும் நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்றார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அன்று மாலையே கணக்கைத் திருப்பிப் போட்டாள். நான்காம் வண்டியின் வரிகளை உள்ளே சேர்த்தாள். மற்ற மூன்றுக்கும், வழியில் அதிகப்படியாகக் காட்டிய நிமிடங்களை எடுத்து வாசலில் நின்ற நேரத்தோடு கூட்டினாள். ஒரு வீட்டுக்கு 10.5 என்று வந்தது. மூன்று வண்டி என்றால் ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் மூன்று வீடு. வாரத்தின் பதினெட்டு அமர்வில் பதின்மூன்றில் ஒருவராவது இருபது நிமிடத்துக்குமேல் பிந்துவார். பிந்தியவருக்கு அந்த நிமிடங்கள் சிகிச்சையில் குறையும். இயந்திரம் அடுத்தவருக்கு வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு முதலாளி வந்ததும் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார், பிறகு உட்கார்ந்தார்.

“முட்டை மாதிரியா?”

“முட்டைக்கு மேல சார். அதுல ஆளுக்கு ஒண்ணும் ஆகலை.”

“ஒண்ணு செய்வோமா. மூணு வண்டி ஒரு மாசம் ஓடட்டும். தாமதமானா அவங்களே வந்து சொல்லுவாங்க. அப்போ சரி பண்ணிக் கொடுத்தா இரண்டாம் கட்ட வேலைன்னு ஆயிடும்.”

“டிரைவர் அதுக்குள்ள போயிடுவார் சார்.”

“அது அவங்க முடிவு.”

“நம்ம கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு. கணக்கு என்னுது.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தபோதே அவர் இவளிடம் வாதிட்டு ஜெயித்ததில்லை. “அந்த ரெண்டு மையமும் போச்சுன்னு வெச்சுக்கோ,” என்றார். அவள் ஆமாம் என்றாள். “நானும் வரவா?” என்று கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றாள். கீழே இறங்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்கு மேலாளரின் அறை. கண்ணாடிக்கு அப்பால் ஒன்பது நாற்காலியும் நிறைந்திருந்தன. மேசைமேல் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவள் முன்னுரை எதுவும் வைக்கவில்லை. அனுப்பிய முடிவு தவறு, மூன்று வண்டி போதாது, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்றில் ஒன்பதாம் தேதிச் சவாரி. இன்னொன்றில் பதின்மூன்று அமர்வுகளின் பட்டியல், யார் எத்தனை நிமிடம் பிந்துவார் என்று எதிரெதிரே எழுதி.

அவர் இரண்டையும் இரண்டு தடவை படித்தார்.

“அப்போ உங்க மிஷின் ஆறு வாரமா என்னத்தைக் கத்துக்கிட்டது?”

“பொத்தானை எப்போ அமுக்கினா கட்டம் வராதுன்னு கத்துக்கிட்டது சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “நான் மேலிடத்துக்கு ஒரு வண்டி குறையுதுன்னு எழுதியாச்சு மேடம். இப்போ குறையலைன்னு எழுதினா என்னைப் பாத்து என்ன கேப்பாங்க?”

“என் பேரைப் போட்டு எழுதுங்க. அறிக்கையோட முதல் பக்கத்துல நானே எழுதியிருக்கேன், எங்கே தப்பு, எப்படின்னு. அந்தக் கட்டத்தை எடுத்திடுங்க. ஆறு மாசம் நாலு பேரும் வந்தவுடனே அமுக்கட்டும். நிஜமான நிமிஷம் கிடைக்கும். அதை வெச்சு, யார் எந்த அமர்வுக்கு வந்தா ஓட்டம் குறையும்னு பார்க்கலாம். நாலாம் மாடிக்காரரையும் அவருக்கு எதிர் வீட்டம்மாவையும் இப்போ ரெண்டு வேற வண்டி, வேற நேரத்துல கூட்டிட்டு வருது. வண்டி குறையாது. கிலோமீட்டர் குறையலாம். எவ்வளவுன்னு இப்போ சொல்லமாட்டேன்.”

“நீங்களே எவ்வளவுன்னு சொல்லமாட்டேன்னா ஆச்சரியமா இருக்கு.”

“ஒரு தடவை சொல்லிட்டேன் சார்.”

மேலாளர் கண்ணாடிச் சுவர் வழியாக நாற்காலிகளைப் பார்த்தார். பிந்துகிறவர்கள் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் அப்போது அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு எழுத்தரைக் கூப்பிட்டார். புதுப்பிக்கும் படிவம் ஒன்று, ஓராண்டு வேண்டாம், ஆறு மாதம் என்றார்.

டிரைவர் வந்தபோது ஒன்று ஐந்து. அவளைப் பார்த்துத் தலையசைத்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, படிவத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எல்லா வரியையும் படித்தார். மேலாளர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

“போன தடவை ஓராண்டு போட்டிருந்தீங்க சார். இப்போ ஆறு மாசம்னு இருக்கு.”

மேலாளர் அவளைப் பார்த்தார்.

“என் கணக்குல தப்பு வந்துடுச்சு அண்ணே,” என்றாள். “உங்க வண்டி வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருந்தேன். உங்க பதிவைத் தப்புன்னு தூக்கிப் போட்டதால வந்தது. சரிபண்ண ஆறு மாசம் கேட்டிருக்கேன்.”

அவர் படிவத்தை மேசைமேல் வைத்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. மகிழ்ச்சியும் தெரியவில்லை.

“நான் எழுதினதெல்லாம் யாராவது படிச்சீங்களா?”

“முந்தாநாள்தான் படிச்சேன்.”

“ஏழு மாசமா எழுதறேன்.” படிவத்தில் ஆறு மாதம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு, “அப்போ எனக்கு ஆறு மாசம். உங்களுக்கும் ஆறு மாசமா?” என்றார்.

“ஆமா அண்ணே.”

“சரி.” பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தேதியை எழுதினார். அதன் பக்கத்தில், படிவத்தில் யாரும் கேட்காத இடத்தில், மணியையும் எழுதினார். 1.17. எழுந்து நாற்காலியைச் சரியாகத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு நாற்பது சவாரிக்கு முன்னால் சாப்பிடவேண்டும் என்று சொல்லி வெளியே போனார்.